பிடியரிசியும் ரசீதும்

டர்பனில் நவம்பர் மாதம் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைப் படுத்தும். போன வருடம் அப்படியொரு மாலையில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், தொடையோடு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெற்றோர் கூட்டம். அடுத்த வருடத்து பட்ஜெட்டைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். மின்சாரம், தண்ணீர், காவலாளி, போட்டோகாப்பி, வேலிப் பழுது, அப்புறம் ‘கவர்னிங் பாடி சம்பளங்கள்’, அதாவது அரசு தராமல் பள்ளியின் நிர்வாகக் குழுவே தரும் சம்பளங்கள். அந்தத் தலைப்புக்குக் கீழே நாலாவது வரியில் நான் இருந்தேன். பெயரெல்லாம் போடவில்லை. ‘தமிழ், பகுதிநேரம், வாரம் இரண்டு நாள்’ என்று இருந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படும். தென்னாப்பிரிக்காவில் கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. அந்தக் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிப்பதில்லை. பெற்றோர்களே வருடம் ஒருமுறை கூடி, பட்ஜெட்டைப் பார்த்து, ஓட்டுப் போட்டு, பெரும்பான்மையில் முடிவு செய்வார்கள். 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கல்யாணமாகி விழுப்புரத்திலிருந்து இங்கே வந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டு எனக்கு ஒரே பிரமிப்பு. எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் யார் யாரைக் கேட்டு எதை முடிவு செய்தார்கள்? அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவு வரிசையில் நின்றோம், அவ்வளவுதான்.

தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார், ஒப்புக்கொள்பவர்கள் கை தூக்குங்கள் என்று. தூக்கினேன். கட்டணம் ஏறினால்தான் நாலாவது வரி நிற்கும். பக்கத்து நாற்காலியில் பேவ்யூ ஃபிளாட்டில் இருக்கும் ஒரு பாட்டி. மகள் போனபின் பேரனைத் தனியாக வளர்ப்பவர், பையன் என் தமிழ் வகுப்பில்தான் இருக்கிறான். அவர் கை மடியை விட்டு எழவில்லை. நான் கையை இறக்கியபோது அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து அத்தையிடம் புலம்பினேன். (இங்கே மாமியாரை ‘மாமி’ என்பார்கள். எனக்கு ஊர்ப் பழக்கம் விடவில்லை.) அத்தைக்கு இப்போது எழுபத்தைந்து. அவர் பேசும் தமிழ், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அவருடைய பாட்டனின் தமிழ். நூறு வருடத்துக்கு மேலாக உப்பில் போட்டு வைத்த மாதிரி அப்படியே இருக்கிறது. ‘இஸ்கூலுக்குத் துட்டு குடுக்கறது தப்பா கண்ணு? நாங்கோ இஸ்கூலையே கட்டினு இருந்தோமே’ என்றார்.

அங்கேதான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது. ஏனென்றால் அத்தை சொன்னது உண்மை.

அத்தை பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சியில் தெரு பெருக்கவும் குப்பை அள்ளவும் வேலைக்கு வைத்திருந்த இந்தியர்களுக்கான குடியிருப்பு அது. பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும். அங்கே பெண்கள் தினமும் உலை வைக்கும் முன்பு ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஒரு டின்னில் போடுவார்களாம். மாதக் கடைசியில் ஒருவர் வீடு வீடாக வந்து டின்னைக் கவிழ்த்துக்கொண்டு போவார். அதில் பாதி கோவில் கஞ்சிக்கு, பாதி விற்றுக் காசாகித் தமிழ்ப் பள்ளி வாத்தியாருக்கு. நம் ஊரில் பிடியரிசி என்போமே, அதேதான். யார் எவ்வளவு போட்டார்கள் என்று கணக்கில்லை. டின் காலியாக இருந்த வீட்டுப் பிள்ளையும் அதே பாயில் உட்கார்ந்துதான் ‘ஆத்திசூடி’ படித்தது.

பேரக்ஸ் மட்டுமில்லை. 1860இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலியாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கரும்பு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட அந்த அரசாங்கத்துக்கு அக்கறை இருக்கவில்லை. அதனால் ‘உதவி பெறும் பள்ளி’ என்று ஒரு ஏற்பாடு. நிலத்தையும் கட்டடச் செலவில் ஒரு பங்கையும் நம் ஆட்கள் போட வேண்டும், அரசு மானியமும் ஆசிரியர் சம்பளமும் தரும். நேட்டால் முழுக்க இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் மிகப் பல இப்படி எழுந்தவை. கோவில் கமிட்டி, பள்ளிவாசல் அறக்கட்டளை, தோட்டத்துச் சர்தார் (கங்காணி), காய்கறி வியாபாரி என்று எல்லோர் கையும் அதில் உண்டு. டர்பனின் சாஸ்திரி கல்லூரி, வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் ஏஜெண்டாக இங்கே இருந்தபோது தட்டேந்தி எழுப்பியது. பெருந்தொகை தந்தவர்கள் குஜராத்தி வியாபாரிகள். படித்து வெளியே வந்தவர்களில் கூலிக்காரன் மகனும் இருந்தான்.

ஆக, பள்ளிக்கூடத்துக்குத் தன் கையிலிருந்து காசு போடுவது இந்தச் சமூகத்துக்குச் சுயமரியாதைச் சமாச்சாரம். அரசு தராததை நாமே செய்துகொண்டோம் என்ற பெருமை. 1990களில் வந்த புது யோசனை நேராக இந்தப் பெருமையின் தோளில் ஏறி உட்கார்ந்தது. அதனால்தான் அது சாட்ஸ்வொர்த்தில் யாருக்கும் உறுத்தவில்லை என்பது என் அபிப்பிராயம்.

யோசனையின் பூர்வீகம் வேறு எங்கோ. பள்ளிக்கு அரசே பணம் தரட்டும், ஆனால் அரசே நடத்த வேண்டியதில்லை, பெற்றோர் கையில் கட்டணத்துக்கான பணச் சீட்டைக் (வவுச்சர்) கொடுத்தால் பிடித்த பள்ளியை அவர்களே பொறுக்கிக்கொள்வார்கள், போட்டியில் பள்ளிகள் தாமாகத் திருந்தும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதினார். சிலியில் ராணுவ ஆட்சி 1981இல் அதைச் செய்து பார்த்தது. தாட்சரின் பிரிட்டன் 1988 கல்விச் சட்டத்தில் பள்ளிகளின் பணப்பையை அந்தந்தப் பள்ளியிடமே கொடுத்து, பிள்ளைகளைப் பிடிக்கப் போட்டி போடச் சொன்னது. அடுத்த வருடம் நியூசிலாந்து ஒவ்வொரு பள்ளியையும் பெற்றோர் குழுவிடம் ஒப்படைத்தது.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு வாசல் திறந்துவிட்டது, விடைபெற்றுக்கொண்டிருந்த நிறவெறி அரசாங்கம். இனி எல்லா இனப் பிள்ளைகளையும் சேர்த்தாக வேண்டும் என்ற நிலை வந்ததும், 1992இல் பெரும்பாலான வெள்ளையர் பள்ளிகளை ‘மாடல் சி’ என்ற வகைக்கு மாற்றினார்கள். ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கட்டடமும் மைதானமும் நிர்வாகக் குழுவின் கைக்கு. மீதிச் செலவுக்குக் கட்டணம். தோலின் நிறம் பார்த்த காவலாளி வாசலிலிருந்து போனான், பர்ஸைப் பார்ப்பவன் வந்து உட்கார்ந்தான். இன்றைக்கும் டர்பனில் அந்தப் பள்ளிகளை ‘லானி ஸ்கூல்’ என்போம். லானி என்றால் இந்த ஊர்ப் பேச்சில் பணக்காரன், துரை, முதலாளி எல்லாம்தான்.

புது அரசு வந்ததும் இதை ஒழித்துக்கட்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். எல்லாப் பள்ளியையும் வசதியான பள்ளியின் தரத்துக்கு உயர்த்த அரசிடம் பணமில்லை. கட்டணத்தை அடியோடு நிறுத்தினால் நடுத்தர வர்க்கம் தனியார் பள்ளிக்கு ஓடிவிடும். அது ஓடினால், அரசுப் பள்ளிக்காகக் குரல் கொடுக்கச் செல்வாக்குள்ள ஆள் இருக்காது. ஆகவே கட்டணம் இருக்கட்டும், இஷ்டப்படி ஏற்றிக்கொள்ளட்டும், அதனால் மிச்சமாகும் அரசுப் பணம் ஏழைப் பள்ளிக்குப் போகட்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நானே ஒரு கூட்டத்தில் இதே நியாயத்தை வேறு வார்த்தையில் பேசியிருக்கிறேன். ‘அரசு தரும் வளங்களுக்கு மேல் சேர்க்க நிர்வாகக் குழு நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும்’ என்கிற கடமையையே 1996 சட்டத்தின் 36ஆம் பிரிவு எழுதி வைத்தது.

அதே 1996 ஜூனில்தான் நிதியமைச்சர் டிரெவர் மானுவல் ‘கியர்’ என்ற பொருளாதாரத் திட்டத்தை அறிவித்தார். பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்கு இறக்க வேண்டும், இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும், செலவில் கை வைக்க வேண்டும். இதில் பேரத்துக்கு இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் முன்பு தேர்தலில் சொன்ன மறுகட்டமைப்புத் திட்டம் ஓரமாகப் போனது. வெளியீட்டன்று துணை அதிபர் தாபோ எம்பெக்கி ‘என்னைத் தாட்சர்வாதி என்றே கூப்பிடுங்கள்’ என்று சொன்னது பிரசித்தம்.

கியரின் சூடு எங்கள் வீட்டில் எங்கே பட்டது என்பதை அத்தையின் பிஸ்கட் டின்னில் பார்க்கலாம். மூடியில் படம் தேய்ந்துபோன பழைய டின். பிறப்புச் சான்று, மாமாவின் இறப்புச் சான்று, வாடகை ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து மடித்து நான்காகப் பிளந்த ஒரு கடிதம். உங்கள் பராமரிப்பு உதவித்தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்படும் என்கிற அறிவிப்பு.

மாமா இறந்தபோது அத்தைக்கு மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அதுவரை துணித் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர், குழந்தைகளைப் பார்க்க ஆளில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்து காஜா எடுத்தார், ஓரம் மடித்தார். அப்போது கைகொடுத்தது அந்த உதவித்தொகை. கணவன் இல்லாத தாய்க்கும் பிள்ளைகளுக்குமானது. 1990களின் நடுவில் தாய்க்கு அதிகபட்சம் 430 ராண்ட், பிள்ளைக்கு 135 வீதம் இரண்டு பிள்ளை வரை, மொத்தம் 700. பெரிய பணமில்லை. ஆனால் மாதம் தவறாமல் வந்தது.

இந்தத் தொகை யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் சிக்கல். நிறவெறிக் கணக்குப்படி, ஆயிரம் இந்தியக் குழந்தைகளில் ஏறக்குறைய நாற்பது பேருக்குக் கிடைத்தபோது, ஆயிரம் கறுப்பினக் குழந்தைகளில் இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. இதை அப்படியே வைத்திருக்க முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லாருக்கும் அதே அளவு கொடுத்தால் எத்தனையோ மடங்கு பணம் வேண்டும். பானை பெரிதாகாது என்று கியர் சொல்லிவிட்டது. டர்பன்காரரான பேராசிரியர் ஃபிரான்சி லண்ட் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, இருக்கிற பானைக்குள் எத்தனை கரண்டி போடலாம் என்று பார்த்தது. பழைய தொகையை மூன்று வருடத்தில் முடித்துவிட்டு, தாய்க்கு ஒன்றுமில்லாமல், ஏழு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைக்கு மட்டும் ஒரு சிறு தொகை. முதலில் பேசியது 75 ராண்ட். பெண்கள் அமைப்புகள் கூச்சல் போட்ட பிறகு 100. 1998 ஏப்ரலில் ஆரம்பித்தது.

அப்போது அத்தையின் சின்னப் பிள்ளைகளுக்குப் பதினாலும் பதினொன்றும். ஏழு வயதுக் கோட்டுக்கு வெளியே. 700 போய்ப் பூஜ்யம்.

அந்த லண்ட் குழுவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்று 100 ராண்டில் ஆரம்பித்தது வயது வரம்பு ஏறி ஏறி இன்று பதினெட்டு வரை வந்திருக்கிறது, 1 கோடியே 30 லட்சம் பிள்ளைகளைத் தொடுகிறது. 2025 ஏப்ரலில் தொகை 560 ராண்ட். ஒரு ஆள் ஒரு மாதம் வயிற்றைக் கழுவவே 796 ராண்ட் வேண்டும் என்று அரசின் புள்ளியியல் துறையே 2024இல் கணக்குச் சொன்னது என்பது வேறு விஷயம். டர்பனில் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலும் குவாமஷுவிலும் இது இல்லையென்றால் பட்டினிதான். ஆனால் சாட்ஸ்வொர்த்தில் அன்றைக்குத் தாய்மார்கள் பேசிக்கொண்டது என்ன? ‘நம்ம துட்ட எடுத்து அவுங்களுக்குக் குடுத்துட்டானுங்க.’ அத்தையும் அதைத்தான் சொன்னார், இன்றும் சில நாள் சொல்வார். பானையின் அளவைத் தீர்மானித்தவன் யார் என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. ஒரு விதவையின் கையிலிருந்து எடுத்து இன்னொரு விதவைக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர்தான் பார்ப்பார்கள்.

திரும்பவும் தொழிற்சாலைக்கே போகலாம் என்று அத்தை கிளம்பினார். இறக்குமதி வரியை உலக வர்த்தக ஒப்பந்தம் கேட்டதைவிட வேகமாகக் குறைத்திருந்தார்கள். சீனத்துச் சட்டைகள் வந்து இறங்கின. டர்பனின் துணித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தன. அதே காலத்தில்தான் சாட்ஸ்வொர்த் ஃபிளாட்டுகளில் வாடகை பாக்கிக்காக மாநகராட்சி ஆட்களை வெளியேற்றியதும், தண்ணீரைத் துண்டித்ததும், பாத்திமா மீர் போன்ற பழைய போராளிகள் ஏழைகள் பக்கம் வந்து நின்றதும். என் கணவர் பட்டறையில் கார் தட்டிக் கொண்டுவந்த சம்பளத்தில் குடும்பம் நகர்ந்தது.

அத்தைக்கு அறுபது ஆனதும் முதியோர் தொகை வர ஆரம்பித்தது. நிம்மதி என்று பார்த்தால், 2012இல் நாடு முழுக்க எல்லார் விரல் ரேகையையும் எடுத்துப் புது அட்டை கொடுத்தார்கள். பட்டுவாடா தனியார் கையில். சில மாதங்களில் தொகையில் 30, 40 என்று குறைய ஆரம்பித்தது. சீட்டில் ‘ஏர்டைம்’ என்று இருந்தது. அத்தையிடம் அப்போது செல்போனே கிடையாது! ஏதோ ஒரு கவுண்டரில் போய்க் கேட்டால் இன்னொரு எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணில் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. நாடு முழுக்க ஏர்டைம், கடன், ஈமச்சடங்குக் காப்பீடு என்று இப்படிப் பிடித்தம் நடந்தது, பிளாக் சாஷ் என்ற மனித உரிமை அமைப்பு அதற்கு எதிராக இயக்கமே நடத்தியது. அந்தப் பட்டுவாடா ஒப்பந்தம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. மாற்று ஏற்பாடு செய்யாததால் 2017 மார்ச்சில் அதே நீதிமன்றமே, வேறு வழியில்லாமல், அதை இன்னொரு வருடம் நீட்டிக்க நேர்ந்தது. ஏழைக்குக் கொடுக்கும் பணத்துக்கு நடுவில் ஒரு கடை போட்டால், கடைக்காரனுக்கு அந்த ஏழை முதலில் வாடிக்கையாளராகத்தான் தெரிவார்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

ஏழைப் பள்ளிகளைக் கட்டணத்திலிருந்து விடுவிக்க 2007இல் கட்டணமில்லாப் பள்ளித் திட்டம் வந்தது. இப்போது நாட்டின் அரசுப் பள்ளிகளில் பத்தில் எட்டு அப்படிப்பட்டவை. நல்ல காரியம், சந்தேகமில்லை. பள்ளிகளை ஐந்து படியாகப் பிரித்தார்கள். கீழ் மூன்று படிக்குக் கட்டணமில்லை, அரசுப் பணமும் கூடுதல், மதியச் சாப்பாடும் உண்டு. மேல் இரண்டு படி தன் கையை நம்ப வேண்டும். எந்தப் படி என்பதைத் தீர்மானிப்பது பள்ளியைச் சுற்றியுள்ள வட்டாரத்தின் மக்கள்தொகைக் கணக்கு. வருமானம், வேலை, படிப்பு எல்லாம் அதில்தான். பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை. சாட்ஸ்வொர்த்தில் பல பள்ளிகளைச் சுற்றி ஓட்டு வீடும் காரும் இருக்கும். வகுப்புக்குள்ளே இருப்பதோ ஃபிளாட்டுப் பிள்ளைகளும், கிராஸ்மோர் பக்கத்துத் தகரக் கொட்டகைப் பிள்ளைகளும், வெல்பெடாக்டிலிருந்து ஷேர் டாக்சி பிடித்து வரும் கறுப்பின ஜுலு பிள்ளைகளும். தாளில் பணக்காரப் பள்ளி. காலை மணி அடிக்கும்போது வாசலில் கோவில் பெண்கள் ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். விழுப்புரத்தில் எனக்குச் சோறு போட்ட திட்டத்துக்கு எந்தப் படியில் இருக்கிறாய் என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

கட்டணம் போதாது. ஆகவே பிரியாணி. டர்பன் இந்தியப் பள்ளி எதற்கும் பிரியாணி விற்பனை இல்லாமல் வருடம் ஓடாது. பிள்ளைக்குப் பத்து டிக்கெட் கொடுத்துவிடுவார்கள், விற்றுக்கொண்டு வரவேண்டும். விற்காத டிக்கெட்டை அப்பா அம்மாவே வாங்கி, வாரம் முழுக்க பிரிட்ஜில் வைத்துப் பிரியாணி தின்ன வேண்டும். அப்புறம் கேக் விற்பனை, ஓட்டப் பந்தயம், வேலியில் விளம்பரப் பலகை. எங்கள் வேலியில் மூன்று பலகை, அதில் இரண்டு சவ அடக்க நிறுவனங்களுடையவை. நாலாவதாகப் பள்ளியே மாட்டிய பேனர், மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) தேர்ச்சி விகிதத்தோடு. பக்கத்துப் பள்ளி எழுத்தைப் பெரிதாக்கினால் எங்களுடையதும் பெரிதாகும்.

எல்லாவற்றிலும் எனக்கு ஆகாதது ‘சிவ்வீஸ் டே’. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்து ராண்ட் கட்டினால் சீருடை போடாமல் கலர் உடுப்பில் வரலாம். சின்ன விஷயம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முதல்முறை நானும் ரசித்தேன். இரண்டாவது முறைதான் கண்ணில் பட்டது. முப்பத்தெட்டுப் பேர் வகுப்பில் ஐந்து பேர் மட்டும் சீருடையில். மற்ற நாளில் யாருக்கும் தெரியாத ஒன்று அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையாகத் தெரிந்தது. சீருடை கண்டுபிடித்ததே அந்த வித்தியாசம் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே. பேவ்யூ பாட்டியின் பேரன் அந்த ஐவரில் ஒருவன். ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டு, மேலே நீலக் குளிராடையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தான். பிப்ரவரி மாதம், வியர்த்து ஊற்றுகிறது. ‘கழற்றுப்பா’ என்றேன். ‘குளிருது டீச்சர்’ என்றான். தமிழில்தான் சொன்னான். நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம்.

தமிழ் ஆசிரியை வேலை எப்படி நாலாவது வரிக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில் தமிழ் பெயர் சொல்லியே இருக்கிறது, போற்றி மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக. 1980களில் இந்தியப் பள்ளிகளில் தமிழ் அரசுச் சம்பளத்தில் நடந்தது. இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்த நிறவெறி அரசின் நாடாளுமன்ற நாடகத்தோடு ஒட்டி வந்த சலுகை அது, அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1996க்குப் பிறகு ஆசிரியர் எண்ணிக்கையைச் சமப்படுத்துகிறோம் என்று ஆரம்பப் பள்ளியில் 40 பிள்ளைக்கு ஒருவர், உயர்நிலையில் 35க்கு ஒருவர் என்று கணக்கு வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார்கள். தமிழ் முதலில் விழுந்தவற்றில் ஒன்று. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இருந்த இந்திய மொழிகள் துறையையும் 1990களின் கடைசியில் மூடினார்கள். அதே வளாகத்தில் 2000 மே மாதம், கட்டணம் கட்ட முடியாத மாணவர்களை வெளியேற்றுவதை எதிர்த்த போராட்டத்தில் மைக்கேல் மகபானே என்ற மாணவன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். 2015இல் கட்டணம் ஒழிக என்று நாடு முழுக்கப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தபோது, அவனைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

2014இல் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு மறுபடி பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தது. ஊர்ப் பத்திரிகைகள் கொண்டாடின. பாடம் வந்தது, பணியிடம் வரவில்லை. ஆசிரியர் வேண்டுமானால் பள்ளி தன் கட்டணத்திலிருந்து வைத்துக்கொள்ளலாம். அதாவது தமிழ் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் என்பதை அந்தப் பள்ளியின் வசூல்தான் தீர்மானிக்கும். லானி பள்ளியில் பணம் உண்டு, தமிழ் கேட்க ஆளில்லை. ஃபிளாட்டுப் பக்கத்துப் பள்ளியில் கேட்கும் பிள்ளை உண்டு, பணமில்லை. நடுவில் தத்தளிக்கும் எங்களைப் போன்ற சில பள்ளிகளில் வாரம் இரண்டு நாள். என் வகுப்பில் கிட்டத்தட்ட பாதி ஜுலு பிள்ளைகள். நம் பிள்ளைகள் ‘பளம்’ என்றே நிற்கும்போது, நாக்கைச் சொடுக்கிப் பேசிப் பழகிய அவர்கள் ‘ழ’வை ஒரே வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள்.

கூட்டம் முடிந்த மறுவாரம் பாட்டி வீட்டுக்குப் போனேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. கேட்டால், பேரனுக்காக அவர் வாங்குவது அரசின் குழந்தை உதவித்தொகை. விதிப்படி, அந்தத் தொகை வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டண விலக்கு தானாகவே உண்டு. மற்றவர்களுக்கும் வருமானத்தில் கட்டணம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் முழு விலக்கு. கட்டணம் கட்டாததற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது. இது எதுவும் பாட்டிக்குத் தெரியாது. மூன்று வருடமாக மாதம் நூறு, இருநூறு என்று கட்டி, ஒவ்வொரு ரசீதையும் மஞ்சள் பூசிய ஒரு உறைக்குள் சேர்த்து வைத்திருந்தார். சாமி மாடத்தில்.

பள்ளி ஏன் சொல்லவில்லை? சொன்னால் நஷ்டம். விலக்குக் கொடுக்கும் பிள்ளைக்கு ஈடாக அரசு தருவது கட்டணத்தில் ஒரு துளி. ஐம்பது பேர் விலக்குக் கேட்டால் காவலாளியா, போட்டோகாப்பியா, தமிழா என்று எதையாவது வெட்ட வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலையில் ஜாம் ரொட்டிக்குத் தன் காசைப் போடும் பெண்மணிதான் மாலையில் பாக்கிக் கடிதங்களையும் அனுப்புகிறார். விண்ணப்பத் தாளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘உங்க சம்பளமும் இதுலதான் வருது தெரியும்ல?’ என்று ஆங்கிலத்தில், மெதுவாகத்தான் கேட்டார். தெரியும் என்றேன்.

தாளை எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் விரித்து நானும் பாட்டியும் நிரப்பினோம். அடையாள அட்டை நகல், மூன்று மாத வங்கிக் கணக்கு, போலீஸ் நிலையத்தில் சத்தியப் பிரமாணம். ‘தகப்பன் கையெழுத்து’ என்று ஒரு கட்டம். தகப்பன் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறானா, உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. பிரிந்துபோன தகப்பனின் தாள்கள் இல்லை என்பதற்காகத் தாயின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ஒரு பெண் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போராடி 2017இல் ஜெயித்திருக்கிறார். இத்தனை வருடமாகியும் கட்டம் தாளில் அப்படியே இருக்கிறது. அத்தைதான் பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார். ‘இல்லாதவனுக்கு இன்னாத்துக்குக் கட்டம்?’

விலக்கு ஏழு வாரத்தில் வந்தது. பாட்டி வழியாக ஃபிளாட்டில் விஷயம் பரவி, இன்னும் பதினொரு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெல்பெடாக்டிலிருந்து இரண்டு ஜுலு தாய்மார்களும். அத்தை எல்லாருக்கும் தேநீர் போட்டார். மேசையில் இடம் போதாமல் தரையில் பாய் விரித்தோம்.

இந்த நவம்பர் கூட்டத்துக்கான அறிவிப்பு போன வாரம் வந்தது. பட்ஜெட் நகலும் கூடவே. நாலாவது வரி மாறியிருக்கிறது: ‘தமிழ், பகுதிநேரம், வாரம் ஒரு நாள்’. வியாழக்கிழமை மட்டுமாம். பாட்டிக்கு முட்டி வலி, நடக்க முடியாது என்றார். ஐந்தரைக்கு வந்து வண்டியில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.